வெப்பமண்டலச் சிற்றூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு: முதல் மழைக்கு முன்

வந்த முதல் வாரம் ஊரே உங்களைப் பார்க்கும். என்ன வாங்கினீர்கள், எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தீர்கள் என்பதெல்லாம் மறுநாள் தெருமுனை வரை போய்விடும். எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. மூன்றாவது மாதம் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, எட்டு மணியாகியும் கதவு திறக்கவில்லையே என்று வந்து தட்டியது எதிர்வீட்டு அம்மாதான். அதற்கப்புறம் எரிச்சல் போய்விட்டது.

எனவே முதலில் தெரிந்த முகமாகிவிடுங்கள். வணக்கம், நன்றி, எவ்வளவு, நூறு வரை எண்கள், இவ்வளவு உள்ளூர் மொழியில் வந்தால் போதும். இலக்கணம் மெதுவாக வரட்டும். வெளிநாட்டவர் பதிவு தேவையா என்று உடனே விசாரியுங்கள். வேலை கொடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள், தாமதமானால் சிக்கல் உங்கள் பெயரில்தான். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும் என்பது 2016 முதல் உள்ள விதி.

இனி கொசு. இரவில் வலை கட்டிவிட்டால் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். மலேரியாக் கொசு இரவில் கடிப்பது, வலை அதற்குத்தான். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதுவும் உங்கள் வீட்டு வாளியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கிய தண்ணீரிலேயே வளரும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டித் தேய்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும். இன்னொன்று, டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், இதில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ஊரைவிட்டுப் போய்ச் சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எங்கே இருந்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், மலேரியா அப்படியும் வரும்.

வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடை திறக்கக் காத்திருக்க வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அளவு கூடக் கூடாது.

பூஞ்சை வேறு இருக்கிறது. என் தோல் பெல்ட் ஒரே மழைக்காலத்தில் பச்சை முடி முளைத்துத் தொங்கியது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சான்றிதழ்களையும் கேமராவையும் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரம் ஏறினால் ஜெல்லைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். மின்சாரம் போய்ப் போய் வரும், ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் அவசியம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அந்தி என்று நின்று பார்க்க நேரமே இருக்காது, சூரியன் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே இருட்டு. டார்ச் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மழை பிடித்துக்கொண்டால் சாலை துண்டிக்கப்படலாம், ஏடிஎம்மில் பணம் தீரலாம். ஒரு மாதச் செலவுக்கு ரொக்கமும், தினசரி மருந்து சாப்பிடுபவர்கள் இரண்டு மாத மாத்திரையும் கையில் வைத்திருங்கள். மழைக்கு முன்பே விசாரித்துவைக்க வேண்டியவை: பாம்புக்கடி மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, நடு இரவில் யாரிடம் வண்டி கேட்கலாம். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், கயிறு கட்டி இறுக்காதீர்கள். அசையாமல் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முதலுதவி.

அப்புறம், இரண்டு நாள் வெளியூர் போவதென்றாலும் பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நான் ஒருமுறை சொல்லாமல் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது. எட்டு மணியாகியும் கதவு திறக்கவில்லையாம்.