வெறுங்காலோட்டம்: தோலை நம்பித் தூரத்தைக் கூட்டாதீர்கள்

கதிர்காமம் முருகன் கோயிலுக்கு வெறுங்காலுடன் நடந்து போய் வந்தவர்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறையப் பேர். அந்தக் காலுக்கு ஓட்டமெல்லாம் பெரிய விசயமில்லை என்று நினைப்பதுதான் முதல் பிழை. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓடும்போது உடல் எடையின் இரண்டு, இரண்டரை மடங்கு சுமை ஒற்றைக் காலில் இறங்கும். சப்பாத்தின் தடித்த குதி இல்லையென்றால் கெண்டைக்காலும் அதைக் குதியோடு இணைக்கும் குதிநாணும் முன்பாதத்து எலும்புகளுமே அதில் பெரும்பங்கைத் தாங்க வேண்டும். உள்ளங்கால் தோல் சில கிழமைகளில் உரமேறிவிடும். எலும்புக்கு மாதக்கணக்கில் வேண்டும்.

முதல் இரண்டு கிழமை ஓடவே வேண்டாம். தினமும் 20 நிமிடம் வெறுங்காலுடன் நடங்கள். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதியை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள்: 15 தடவை வீதம் மூன்று முறை. மூன்றாம் கிழமையில் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஐந்து சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு கிழமைக்கு மொத்தம் 2 நிமிட ஓட்டத்தைக் கூட்டினால் போதும். மிச்ச ஓட்டத்தைப் பழைய சப்பாத்துடனே ஓடுங்கள்.

எங்கே ஓடுவது? மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரைதான் எல்லோருக்கும் நினைவு வரும். தொடக்கத்துக்கு அது சரிவராது. காய்ந்த மணலில் குதி புதைந்து கெண்டை இழுபடும். ஈரமணல் இறுக்கம்தான், ஆனால் கடல்பக்கம் சரிவு. ஒரே திசையில் ஓடினால் இடுப்பு ஒருபக்கம் சாயும். கரைவலை இழுத்த இடங்களில் கெளிற்று முள்ளும் கிடக்கும். புல்தரையில் நெருஞ்சியும் போத்தல் துண்டும் கண்ணில் படாது. வெயில் ஏறுமுன், வழவழப்பான தார் றோட்டில் தொடங்குவதே நல்லது. கடினமான தரைதான் பிழையை உடனே காட்டிக் கொடுக்கும்.

காலடியைக் கேளுங்கள். ‘பட் பட்’ என்று அறைந்தால் காலை உடம்புக்கு முன்னே வீசுகிறீர்கள். எட்டி வைக்கும் தூரத்தைச் சுருக்கி, நிமிடத்துக்கு 170 முதல் 180 காலடிவரை கொண்டுவாருங்கள். பாதம் இடுப்புக்கு நேர்கீழே விழ வேண்டும். முன்பாதம் தொட்டவுடன் குதியும் மெல்லத் தரையைத் தொட்டு எழ வேண்டும். குதியைத் தூக்கிப் பிடித்தபடி நுனிக்காலிலேயே ஓடுகிறவர்களுக்குக் குதிநாண் வீங்கலாம். முன்பாதத்தில் கொப்புளம் வந்தால் கால் தரையில் உராய்கிறது என்று அர்த்தம். தள்ளி உந்தாமல் தூக்கி எடுங்கள்.

கெண்டை இறுகினால் இரண்டு நாளில் விட்டுவிடும். பயப்பட வேண்டியது பாதத்தின் மேற்புறத்து நோவுக்கு. இரண்டாம், மூன்றாம் விரலுக்கு நேர்பின்னே பாதத்தில் உள்ள எலும்பை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுரீரென்றால் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கலாம். ஓட்டத்தை அன்றோடு நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்றேயில் வெடிப்பு தெரியாமலும் போகும். படம் சுத்தமாக இருக்கிறதென்று திரும்ப ஓடப் போய்விடாதீர்கள்.

வெறுங்காலுக்குப் பதிலாக மெல்லடிச் சப்பாத்து (மெல்லிய அடியுள்ளது) வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள்: குதியும் முன்பாதமும் ஒரே உயரம், கையால் சுருட்டினால் சுருளும் அடி, விரல்கள் விரிய இடம். தாளில் நின்று பாதத்தை வரைந்து, அந்த வரைவின்மேல் சப்பாத்தை வையுங்கள்; விரல் கோடு வெளியே தெரிந்தால் அது வேண்டாம். காசு குறைவென்றால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தே தாராளம், ஓரளவு பெரிதாக எடுத்தால். ரப்பர் செருப்பு மட்டும் கூடாது. கழராமலிருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்க, பாதம் முழுக்க நோகும். பழகும் காலம் சப்பாத்துக்கும் அதேதான், குறையாது.

சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலுடன் ஓடவே கூடாது. மற்றவர்கள் ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்ட காலத்தைப் பார்த்துவைத்து, ஓடி முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்குவரை முள் தேடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை வெள்ளம் நிற்கும் றோட்டிலும் வயல் வரம்பிலும் வெறுங்காலுடன் இறங்க வேண்டாம். ஊறிய தோல் சட்டென்று கிழியும், அந்தக் கீறல் வழியே எலிக்காய்ச்சல் தொற்றும்.