பத்து மணியிலிருந்து பின்னால் எண்ணுங்கள்: கல்சுரல்ஸ் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்துவிட்டால் கல்லூரிகளில் கல்சுரல்ஸ் காய்ச்சல் ஆரம்பித்துவிடும். பங்குனிக்குள் முடித்தாக வேண்டும், அதற்குப் பிறகு செமஸ்டர் தேர்வு வந்து நிற்கும். போன வாரம் இந்த ஆண்டுக் குழு நிகழ்ச்சி நிரலோடு என் மேசைக்கு வந்தது. எக்செல்லில் ஆறு வண்ணம் அடித்திருந்தார்கள். மாலை 6.00-க்குத் தொடக்கம், இரவு 10.00-க்கு நிறைவு, நடுவில் ஒரு நிமிடம்கூடச் சும்மா இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வண்ணம்தான் இல்லை, மற்றபடி இதே நிரலை மூன்றாம் ஆண்டு மாணவனாக நானும் ஒரு கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மைக்கைச் சோதியுங்கள், பேனரில் எழுத்துப்பிழை பாருங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ஸ்பான்சர் “பார்த்துக்கலாம் தம்பி” என்றால்

வரவுப் பக்கத்தில் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள்.

நிரலை ஆறு மணியிலிருந்து எழுதுவது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எரிச்சல் அடங்கவில்லை.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. “ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கிடலாம் சார்” என்று ஒவ்வொரு வருடமும் ஒருவன் சொல்வான். பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக நள்ளிரவு 12 வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. ஆனால் ஆண்டு முழுக்கச் சேர்த்தே 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. அந்த நாட்களை அரசுதான் முடிவு செய்யும், நம் கல்சுரல் செயலாளர் அல்ல. ஆக, பத்து மணி என்பது சுவர்.

நாங்கள் அந்தச் சுவரில் போய் மோதினோம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு பறையாட்டக் குழுவை அழைத்திருந்தோம். எட்டுப் பேர், பேசிய தொகை 30,000 ரூபாய். மாணவர்களிடம் ஐம்பதும் நூறுமாக வசூலித்த காசு. அவர்களுக்கு நாங்கள் கொடுத்திருந்த நேரம் 7.30. மதியம் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள்.

சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தது 6.50-க்கு. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடியில் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த வரவேற்புரை 20 நிமிடம். மேடையில் இருந்த பதினொரு பேருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு புகைப்படம். புகைப்படக்காரர் “சார், இன்னொண்ணு” என்று கேட்டதெல்லாம் தனிக் கணக்கு. மணி எட்டு. சரி, இசைக்குழுவை முதலில் ஏற்றிவிடலாம், அவர்களுக்குத்தான் காசு அதிகம் என்று ஒருவன் சொன்னான். அந்த ஒருவன் நான்தான்.

பறை என்பது பெட்டியிலிருந்து எடுத்ததும் அடிக்கிற பொருள் இல்லை. தோல் தளர்ந்திருந்தால் நாதம் எழும்பாது, நெருப்பில் காய்ச்ச வேண்டும். அன்று நல்ல பனி வேறு. மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, சிம்புக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். ஏழரைக்கு ஒரு முறை காய்ச்சினார்கள். எட்டரைக்கு மறுபடி. ஒன்பதேகாலுக்கு மூன்றாம் முறை கொளுத்தியபோது காவலாளி வந்து ஒரு வாளித் தண்ணீரை நெருப்பில் ஊற்றிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. குழுவில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, எங்களை அடிக்கக் கூப்பிட்டீங்களா, காய்ச்சக் கூப்பிட்டீங்களா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

9.48-க்கு மேடை ஏறினார்கள். கூட்டம் அப்போதுதான் எழுந்து ஆட ஆரம்பித்தது. சரியாகப் பத்துக்கு ஒரு காவல்துறை அதிகாரி சவுண்ட் மிக்சர் பக்கத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். மைக்கை அணைத்தோம். பன்னிரண்டு நிமிடம், நிமிடத்துக்கு 2,500 ரூபாய். அடுத்த வருடம் அழைத்தபோது, தேதி இல்லை என்றார்கள். தேதி இருந்திருக்கும்.

எங்கள் தாளில் என்ன தப்பு என்றால், மேடை மாறும் நேரம் அதில் இல்லவே இல்லை. பதினான்கு நிகழ்ச்சி, எட்டு எட்டு நிமிடம் என்றால் 112 நிமிடம் என்று கூட்டிவிடுகிறார்கள். ஒரு குழு இறங்கி, அடுத்த குழு ஏறி, தொகுப்பாளர் ஒரு ஜோக் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆகும். பதினான்கு தடவைக்கு 42 நிமிடம். இந்த 42 நிமிடம் எக்செல்லின் எந்தக் கட்டத்திலும் இருப்பதில்லை. டிரம்ஸோடு வரும் இசைக்குழுவுக்கு அதுவும் பத்தாது, 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

அதனால் கீழிருந்து மேலே எழுதுங்கள். 9.45-க்குக் கடைசி நிகழ்ச்சி முடிய வேண்டும். அது முக்கால் மணி நேரம் என்றால் ஒன்பதுக்குத் தொடங்கணும். மேடை தயாராக 8.40-க்கே முந்தைய குழு இறங்கியிருக்கணும். இப்படியே ஏறி வந்தால் மேலே பேச்சுக்கு எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் பேச்சு. விருந்தினர் தாமதமானால் காத்திருக்காதீர்கள், நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டு அவர் வந்ததும் நடுவில் மேடை ஏற்றுங்கள். பெரும்பாலானவர்கள் வருத்தப்படுவதில்லை. வருத்தப்படுவது நம் நிர்வாகம்தான், அதைச் சமாளிக்கத்தான் என்னைப் போல ஒரு ஆசிரியரைப் பொறுப்பில் போட்டிருக்கிறார்கள்.

பொன்னாடையா? தலைமை விருந்தினருக்கு ஒன்று போதும். மற்றவர்களுக்கு அறையிலேயே போர்த்திவிடுங்கள்.

பனியை மறப்பது

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சையே துளைக்கிற பனிக்கு மிக்சர் எம்மாத்திரம்? அதற்கு மேல் ஒரு பந்தல் போடுங்கள். பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால் உள்ளே வேர்த்துவிடும்.

அக்கம்பக்கத்தைக் கேட்காதது

மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கும். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மாடியில் ஒரு பிள்ளை வேதியியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். தேதி குறிக்கும் முன் தேர்வு அட்டவணையைப் பாருங்கள், மறுநாள் தேர்வு இல்லாத மாலையாகப் பிடியுங்கள். ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பாதீர்கள். இரண்டு நாள் முன்பே வீடு வீடாகப் போய் அழைப்பிதழ் கொடுங்கள். அழைப்பிதழ் வாங்கிய வீட்டிலிருந்து காவல் நிலையத்துக்குப் போன் போவது குறைவு. போன வருடம் எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒயிலாட்டம் முடியும்வரை நகரவில்லை.

ஜெனரேட்டர்

டீசல் யார் செலவு என்று எழுதி வாங்குங்கள். ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி.

சான்றிதழ்

பெயர் எழுதாததில் முதல்வரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

கலைஞர்களைக் கடைசியில் கவனிப்பது

வெளியூர்க் குழு வந்து இறங்கியதும் டீ, சாப்பாடு, உடைமாற்ற ஓர் அறை. பேசிய பணத்தை மேடை ஏறும் முன்பே கவரில் கொடுத்துவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்தபின் பொருளாளரைத் தேடினால் கிடைக்க மாட்டான், நண்பர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பான். பறைக் குழு என்றால் நெருப்பு மூட்டும் இடத்தை முன்கூட்டியே குறித்து, காவலாளியை அழைத்துப்போய்க் காட்டுங்கள். பக்கத்தில் மணல் வாளி ஒன்று இருக்கட்டும்.

வைக்கோலும் நாம்தான் வாங்கி வைக்க வேண்டும். வருடா வருடம் ஸ்டோர் இண்டென்ட்டில் “வைக்கோல், 2 கட்டு” என்று எழுதி அனுப்புகிறேன். வருடா வருடம் கணக்குப் பிரிவிலிருந்து போன் வருகிறது: “சார், டிபார்ட்மெண்டுக்கு மாடு ஏதும் வாங்கிட்டீங்களா?”