ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு ஒரு தேர்தல்

தேர்தல் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் பாடம் எடுக்காதீர்கள். வீட்டிலேயே ஒன்று நடத்திவிடுங்கள். ஞாயிறு காலை பூரியா, பொங்கலா, இடியாப்பமா? உங்களால் செய்ய முடிந்ததை மட்டும் போட்டியில் நிறுத்துங்கள். ஜெயித்த பிறகு "மாவு இல்லை" என்றால் மானம் போய்விடும்!

சின்னங்களைப் பிள்ளைகளே வரையட்டும். 1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டிகள் வைத்ததை அப்போது சொல்லலாம். சீட்டில் கடைசியாக, 'இதில் எதுவும் வேண்டாம்' என்கிற நோட்டாவும் இருக்கட்டும்.

தாத்தாவுக்கும் ஒரு ஓட்டு, கடைக்குட்டிக்கும் ஒரு ஓட்டு. ஒவ்வொருவராக அறைக்குள் போய், குறித்து, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். வெளியே வந்ததும் இடது ஆள்காட்டி விரலில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. "யாருக்குப் போட்டே?" என்று யாரும் கேட்கக் கூடாது, முக்கியமாக நீங்கள்.

எல்லார் முன்னிலையிலும் சீட்டைப் பிரித்து உரக்க எண்ணுங்கள். சமமாக வந்தால் குலுக்கல். நிஜத் தேர்தலிலும் அப்படித்தான்.

பொங்கல் ஜெயித்தால் பூரிக்குப் போட்டவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். மனமிரங்கி அவனுக்கு மட்டும் பூரி சுட்டுவிடாதீர்கள். அடுத்த வாரத்துக்கு இப்போதே பிரசாரத்தை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.