சைக்காலஜி முடிச்சாச்சு, போர்டு மாட்டலாமா? பிராக்டிஸ் ஆரம்பிக்கிறவங்க பண்ற தப்புகள்

சைக்காலஜில பி.ஜி. முடிச்ச கையோட "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்"னு போர்டு அடிச்சு மாட்டிடறாங்க பாருங்க, முதல் தப்பே அதுதான். இந்தியாவுல அந்தப் பேரை நினைச்சவங்க எல்லாம் போட்டுக்க முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில், எல்லாரும் ஆர்.சி.ஐ.னு சொல்றது, அதுக்குன்னு 1992ல ஒரு சட்டம் இருக்கு. அவங்க அங்கீகரிச்ச படிப்பை முடிச்சு, பதிவேட்டுல பேரைச் சேர்த்து, சி.ஆர்.ஆர்.ங்கற பதிவு நம்பர் வாங்கினாதான் நீங்க கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இவ்ளோ காலமா அதுக்கு வழக்கமான ரூட்டு பி.ஜி.க்கு அப்புறம் 2 வருஷ ஃபுல் டைம் எம்.ஃபில்., சீனியர்ஸ் மேற்பார்வையில கேஸ் பாத்து படிக்கிறது.

"என் டிகிரிலயே கிளினிக்கல் சைக்காலஜினு தானே போட்டிருக்கு"னு நிறைய பேர் கேக்கறாங்க. டிகிரி பேர்ல ஒண்ணும் இல்லைங்க, அந்த காலேஜோட அந்த கோர்ஸுக்கு நீங்க சேர்ற வருஷம் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருந்துச்சாங்கறதுதான் கேள்வி, அதை ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே ஆர்.சி.ஐ. சைட்ல பாத்துக்கோங்க, அட்மிஷன் ஆபீஸ்ல சொல்ற "அப்ரூவல் வந்துடும் சார்"ஐ நம்பாதீங்க.

பதிவு இல்லாம பிராக்டிஸ் பண்ணா 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஆயிரம் ரூபா தானேனு சிரிக்காதீங்க. அந்தச் சட்டப்படி பதிவு இல்லாதவங்க, மறுவாழ்வு நிபுணர் போடவேண்டிய சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட முடியாது, கோர்ட்ல அந்தத் துறை நிபுணரா சாட்சி சொல்லவும் முடியாது. நீங்க எழுதிக் குடுத்த ஐ.க்யூ. ரிப்போர்ட்டை நம்பி ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு ஊனமுற்றோர் சான்றிதழுக்கு அலைவாங்க, அங்க "இதை யாருங்க குடுத்தது, நம்பர் எங்க?"னு திருப்பி அனுப்பிடுவாங்க. அபராதம் யாருக்கு விழுந்துச்சுனு பாருங்க.

சரி, கவுன்சிலர்னு போட்டுக்கிட்டா எந்தப் பதிவும் வேணாமேனு அடுத்த ஐடியா வரும். இது வரைக்கும் அந்த ஓட்டை இருந்தது உண்மைதான். ஆனா 2021ல துணை மருத்துவத் தொழில்களுக்குன்னு தனிச் சட்டம் வந்து, ஆர்.சி.ஐ.க்குக் கீழ வராத சைக்காலஜிஸ்ட்டுகளையும் அந்தப் பட்டியல்ல சேத்துட்டாங்க. இதை வச்சுதான் 2025 ஜூலை-ஆகஸ்ட் பேட்ச்ல இருந்து சைக்காலஜியை தபால்லயும் ஆன்லைன்லயும் நடத்தக்கூடாதுனு யு.ஜி.சி. நிறுத்திடுச்சு. வீக்கெண்ட் டிப்ளமோவை வச்சுக்கிட்டு தெரபிஸ்ட்னு சுத்தறவங்க இதைக் கொஞ்சம் கவனிச்சா நல்லது.

மாத்திரை விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். எழுதிக் குடுக்கறதும் நிறுத்தறதும் டாக்டர் வேலை. பிஎச்.டி. வாங்கி பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கிட்டாலும் இது மாறாது. "இவ்ளோ மாத்திரை எதுக்குமா, விட்டுடுங்க"னு கரிசனமா சொல்றதும் இதே தப்புதான்.

இப்போ ரகசியம். முதல் செஷன்லயே "நீ என்ன சொன்னாலும் என்னை விட்டு வெளிய போகாது"னு வாக்கு குடுத்துடறாங்க, குறிப்பா ஸ்கூல்ல வேலை பாக்கறவங்க. அது உங்களால காப்பாத்த முடியாத வாக்கு. 16 வயசுப் பொண்ணு ஒருத்தி சொந்தக்கார ஆளு தப்பா நடந்துக்கறான்னு உங்ககிட்ட சொல்றானு வைங்க, போக்சோ சட்டத்தோட 19வது பிரிவுப்படி நீங்க போலீஸுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லலைனா 6 மாசம் வரைக்கும் ஜெயில் போக வேண்டி வரலாம். குடும்ப மானம், பள்ளிக்கூடம் பேரு, எதுவும் அங்க சாக்கு ஆகாது. அதனால "உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துனா மட்டும் நான் வெளிய சொல்ல வேண்டி வரும், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுதான் சொல்வேன்"னு ஆரம்பத்துலயே பேசிடுங்க. அப்படிப் பேசினா புள்ளைங்க வாயைத் திறக்காதுனு ஒரு பயம் இருக்கு, எனக்கு அது சரினு படல, நம்பி சொன்னதுக்கப்புறம் திடீர்னு போலீஸ் வந்து நிக்கறதுதான் ஒரு புள்ளையை நிரந்தரமா மூட வைக்கும்.

இதுக்கு நேர் எதிர் தப்பும் உண்டு. ஆபத்துனு வந்துட்டா மொத்தக் கதையையும் கொட்டிடறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 23வது பிரிவு, அடுத்தவங்களைக் காப்பாத்தவோ உயிருக்கு வர்ற ஆபத்தைத் தடுக்கவோ தகவல் குடுக்கலாம்னு சொல்லுது, ஆனா அந்த ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். பையன் தற்கொலை பத்திப் பேசறான்னு அப்பாகிட்ட சொல்றது அவசியம், அவனுக்கு யார் மேல காதல்னு சொல்றது அவசியமே இல்ல. அம்மாதான் ஃபீஸ் கட்டறாங்கங்கறதுக்காக செஷன்ல நடந்ததை வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் பண்றவங்க இருக்காங்க, கொடுமை.

இன்ஸ்டா ரீல்ஸ் பத்தி சொல்லணும். "என்கிட்ட வந்த ஒரு ஐ.டி. பொண்ணு, ஓ.எம்.ஆர். பக்கம், போன மாசம்தான் டைவர்ஸ்"னு பேரை மட்டும் விட்டுட்டு கதை சொல்றாங்க. அந்தப் பொண்ணோட ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல இருக்கறவளுக்கு இது போதாதா? கேஸ் சொல்லித்தான் ஆகணும்னா எழுத்துல சம்மதம் வாங்குங்க, வாங்கினாலும் அடையாளம் தெரியாத மாதிரி மாத்திட்டுச் சொல்லுங்க. கிளையன்ட்கிட்ட கூகுள் ரிவ்யூ கேக்கறதும் இதே வகைதான், அவங்களால உங்க மூஞ்சியைப் பாத்து முடியாதுனு சொல்ல முடியாது.

நம்ம ஊர்ல ரொம்பக் குழப்பம் வர்ற இடம் சொந்தபந்தம். சித்தி பொண்ணுக்கு, ஹவுஸ் ஓனர் பையனுக்கு "சும்மா ரெண்டு வார்த்தை பேசிப் பாரு"ம்பாங்க. ரெண்டு வார்த்தை பேசினா தீபாவளிக்கு அவங்க வீட்ல உக்காந்து முறுக்கு சாப்பிடறப்போ அவன் உங்க கண்ணைப் பாக்க மாட்டான். தெரிஞ்ச இன்னொரு சைக்காலஜிஸ்ட் நம்பரைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கோங்க, சித்தி கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

பதிவு வாங்கினவங்களுக்கு ஒண்ணு: சி.ஆர்.ஆர். ஆயுசுக்கும் செல்லாது. தொடர் பயிற்சிப் புள்ளிகளைச் சேத்து வச்சு ரின்யூ பண்ணணும், அதைக் கடைசி மாசம் வரைக்கும் தள்ளிப்போட்டுட்டு கிடைச்ச வெபினார்ல எல்லாம் சேர்ந்து, கேமராவை ஆஃப் பண்ணிட்டு சமைச்சுக்கிட்டு இருக்கறவங்க எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்ல.