எந்தப் பைதான் ஓடுகிறது?

லினக்ஸில் பைதான் நிரல்மொழியின் புதுப் பதிப்பை நிறுவிய பிறகும் பழையதே ஓடுகிறதா? முனையத்தில் நான் முதலில் தட்டுவது ‘டைப் -ஏ பைதான்3’. பாஷில் (நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் ஷெல் நிரல்), ஒரு நிரல் இருக்கும் இடத்தைக் காட்டும் ‘விச்’ கட்டளையை நான் நம்புவதில்லை. ஏலியாஸ் (கட்டளைக்கு வைத்த மாற்றுப்பெயர்), ஃபங்ஷன் (ஷெல்லில் எழுதிவைத்த குறுநிரல்) எல்லாம் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. ‘டைப்’ அவற்றையும் சேர்த்து வரிசையாகக் காட்டும். பொதுவாக முதல் வரியில் இருப்பதுதான் ஓடும்.

காரணம், ஷெல் ‘பாத்’ மாறியில் உள்ள கோப்புறைகளை இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். அதனால் உங்களுக்கு வேண்டிய கோப்புறையைப் பாத்தின் முன்னால் சேருங்கள். அதற்கான வரியை, பாஷ் தொடங்கும்போது படிக்கும் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் எழுதினால் நிலைக்கும். ஒரே ஒரு முறைக்குத்தான் என்றால் முழுப் பாதையையும் தட்டினால் போதும்.

பாத்தைத் தொடாமல், அதில் முன்னால் உள்ள கோப்புறையில் புதிதாக நிறுவினீர்களா? பாஷ் பழைய இடத்தையே நினைவில் வைத்திருக்கலாம். அந்த நினைவை அழிக்க ‘ஹாஷ் -ஆர்’ கொடுங்கள். அப்புறம், லினக்ஸோடு வந்த பைதானை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். கணினியின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பியே ஓடுகின்றன.