முதல் நாளில் 32 காய்களும் வேண்டாம்: வகுப்பறையில் சதுரங்கம் கற்பிக்கும் முறை

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும், 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபோதும், பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த ஆட்டத்தின் மீது எழுந்த ஆசையை நேரில் கண்ட ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அந்த ஆசை பல வகுப்புகளில் முதல் நாளிலேயே வாடிவிடுகிறது. ஆறு வகைக் காய்களின் நகர்வுகளையும் ஒரே பாடவேளையில் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு விளையாடச் சொன்னால், பிள்ளைகள் யானையைக் குறுக்கே ஓட்டி, ராஜாவையே வெட்டிவிட்டு, வென்றவர் யார் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

எனவே முதல் நாள் சிப்பாய்கள் மட்டும் போதும். ஒவ்வொருவருக்கும் வலக்கைப் பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வரும்படி பலகையை வைத்து, இரு பக்கமும் எட்டுச் சிப்பாய்களை அவற்றுக்குரிய வரிசையில் நிறுத்துங்கள். நேராக நடக்கும், குறுக்காக வெட்டும், முதல் அடியில் மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம் போகும் என்ற விதிகளைச் சொல்லி, எதிர்க்கோடியை முதலில் தொடுபவர் வென்றார் என்று அறிவியுங்கள். ஒரு பாடவேளைக்குள் மூன்று ஆட்டங்கள் முடிந்துவிடும். இந்தச் சிறிய சண்டையிலேயே ஒரு சிப்பாய்க்கு இன்னொன்று காவல் நிற்பதையும், யார் முந்துவார் என்று எண்ணிப் பார்ப்பதையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வதால், இதற்கு இரண்டு வகுப்புகளைத் தாராளமாக ஒதுக்கலாம்.

அடுத்து யானை, மந்திரி, ராணி, ராஜா என்று வகுப்புக்கு ஒரு காயாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். இவற்றில் பெரிய சிக்கல் இல்லை. குதிரைதான் நேரம் கேட்கும். பள்ளி முற்றத்தில் சுண்ணக்கட்டியால் 64 கட்டங்கள் வரைந்து, ஒரு பிள்ளையைக் குதிரையாக மூலையில் நிறுத்தி, எந்தெந்தக் கட்டங்களுக்குத் தாவலாம் என்று மற்றவர்களைக் கேளுங்கள். மூலையில் இரண்டே வழிகள். நடுவில் நின்றால் எட்டு. காய்களை நடுப்பகுதி நோக்கிக் கொண்டுவர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் உணர்த்தியதாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தாவலிலும் கட்டத்தின் நிறம் மாறுவதையும் பிள்ளைகளே சொல்லட்டும்.

முழு ஆட்டத்துக்குப் போவதற்கு முன், ராஜாவையும் ராணியையும் கொண்டு எதிராளியின் தனி ராஜாவை மடக்கும் பயிற்சியைக் கொடுங்கள். செக் வந்தால், அதாவது எதிராளியின் காய் ராஜாவைத் தாக்கினால், ராஜா விலகலாம், நடுவே ஒரு காயை மறைவாக வைக்கலாம், அல்லது செக் வைத்த காயை வெட்டலாம். மூன்றும் முடியாதபோதுதான் செக்மேட். வெல்லும் அவசரத்தில் பிள்ளைகள், மூலையில் நிற்கும் தனி ராஜாவுக்குக் குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைத்துவிடுவார்கள். செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை, ஆட்டம் டிரா. இந்த ஸ்டேல்மேட் நிலையைப் பலகையில் அடுக்கிக் காட்டி, ராணியை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று அவர்களையே தேட விடுங்கள்.

முழு ஆட்டம் தொடங்கியதும் சில நாள்களில், வீட்டில் அண்ணனிடமோ அக்காவிடமோ நான்கு நகர்த்தலில் செக்மேட் செய்யக் கற்றுக்கொண்டு வந்த ஒரு பிள்ளை வகுப்பு முழுவதையும் தோற்கடிக்கும். அதைத் தடை செய்யாதீர்கள். ராஜாவுக்கு அருகில், மந்திரியின் முன் நிற்கும் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாததால்தான் ராணியும் மந்திரியும் சேர்ந்து அதைக் குறிவைக்கின்றன என்று காட்டிவிட்டு, எதிராளி காயை வைத்தவுடன் 'இது எதைத் தாக்குகிறது?' என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்ட பிறகே தன் காயைத் தொட வேண்டும் என்று பழக்குங்கள். தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்ற போட்டி விதியை இந்த நிலையில் கொண்டுவந்தால், பிள்ளைகளின் கை தானாகவே நிதானப்படும்.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற பிள்ளையை எழுந்து போக விடாமல், இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, தவறு நேர்ந்த இடத்தை மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடம் காய்களை எண்ணிப் பையில் போடுவதற்கு. ஒரு குதிரை தொலைந்தாலும் மறுநாள் இரண்டு பிள்ளைகள் சும்மா உட்கார நேரிடும்.