ஷாலைக் கையில் வைத்துப் பார்க்காதீர்கள், கன்னத்தோடு வைத்துப் பாருங்கள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மேட்சிங் சென்டரில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை, அப்புறம் ஷால். பலகையில் துப்பட்டா என்று எழுதியிருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் "அக்கா, இந்த டாப்ஸுக்கு ஒரு ஷால் காட்டுங்க" என்றுதான் கேட்பார்கள். நானும் ஷால் என்றே எழுதுகிறேன்.

இத்தனை வருடத்தில் என் காதில் அதிகம் விழுந்தது, "இவ கறுப்பு, லைட் கலரா எடுத்துப் போடுங்க" என்பதுதான். பெரும்பாலும் அம்மாதான் சொல்வார். பெண் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். போன ஆடித் தள்ளுபடியில் அப்படி ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். காலேஜ் முதல் வருடம், நல்ல கறுப்பு, பெரிய கண். அம்மா கேட்டபடி பீச், இளம் ரோஸ், பிஸ்தா பச்சை மூன்றையும் விரித்துப் போட்டேன். துணியாகப் பார்த்தால் மூன்றும் அழகு. பிஸ்தாவை அவள் தோளில் போட்டதும் முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணுக்குக் கீழே, உதட்டோரத்தில் எல்லாம் இன்னும் இருட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. மேல்தட்டிலிருந்து கடுகு மஞ்சள் காட்டன் ஷால் ஒன்றை எடுத்து, இருவரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். கன்னம் இரண்டிலும் வெளிச்சம் ஏறியது. கண்ணின் வெள்ளை தெளிந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதையே போட்டுக் கொடுங்க" என்றார்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பிஸ்தா, பீச் மாதிரியான கலர்களில் வெள்ளையோடு கொஞ்சம் சாம்பலும் கலந்திருக்கும். ஆழ்ந்த நிறத் தோலுக்குப் பக்கத்தில் வந்தால், தோலில் இருக்கிற சிவப்பையும் பொன்னையும் அவை அமுக்கிவிடும். கடுகு, அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து எல்லாம் அடர்த்தியான கலர்கள். தோலின் ஆழத்துக்கு ஈடு கொடுக்கும். சுத்த வெள்ளையும் கறுப்பு நிறத்துக்கு மிக மிக அழகு. மங்கலான வெளிறல்தான் சரிப்படாது. இது தெரியாமல் எத்தனையோ பெண்களுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே மங்கல் கலராக வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். எனக்கு அது நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் வெளிச்சம். கடைக்குள் இருக்கும் விளக்கை நம்ப வேண்டாம். ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு, கடை மூடுகிற அவசரத்தில், ஒரு கரும்பச்சை டாப்ஸுக்கு நான் ஷால் எடுத்துக் கொடுத்தேன். எல்இடி வெளிச்சத்தில் இரண்டும் அச்சாகப் பொருந்தின. மறுநாள் காலையில் அந்த அம்மா திரும்பி வந்தார். வெயிலில் டாப்ஸ் பச்சையாகவும் ஷால் நீலம் ஓடின பச்சையாகவும் நின்றது. இரண்டுக்கும் ஏற்றிய சாயம் வேறு வேறு. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். அன்றிலிருந்து எந்த மேட்சிங்கையும் வாசலில் வைத்துக் காட்டாமல் நான் பில் போடச் சொல்வதில்லை. காலை பத்து, பதினொன்றுக்கு, நேர் வெயில் படாமல் நிழலில் நின்று பார்ப்பது உத்தமம். மாலை ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் மஞ்சளாகிவிடும். அப்போது எல்லாருக்கும் எல்லாக் கலரும் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது, பார்க்கிற விதம். ஷாலைக் கையில் பிடித்துக்கொண்டு துணியையே பார்ப்பது பெரிய தப்பு. முடியைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். பவுடரைத் துடைத்துவிடுங்கள். மஞ்சள் பூசிக் குளித்த அன்று இந்த வேலையே வேண்டாம். ஷாலை இரண்டு தோளையும் மூடி, தாடைக்குக் கீழே வருகிற மாதிரி வைத்து, கண்ணை மூடித் திறங்கள். முதலில் என்ன தெரிகிறது? முகம் தெரிந்தால் அது உங்கள் கலர். ஷால் தெரிந்தால் அது துணிக்கடைக்காரர் கலர். அதன் பிறகு கண்ணுக்குக் கீழும் தாடை ஓரமும் பாருங்கள். கருவளையம் கூடித் தெரிகிறதா, குறைந்து தெரிகிறதா? மூக்கோரத்துச் சிவப்பு எழுந்து வருகிறதா? ஷாலை மாற்றி மாற்றிப் போடும்போது ஒரே முகம் இரண்டு விதமாக மாறுவது உங்களுக்கே தெரியும்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். நம்மில் பலருக்கு நரம்பின் கலரே தெளிவாகத் தெரியாது. தங்கமா வெள்ளியா என்கிற சோதனையும் எனக்குச் சரிப்படவில்லை. பிறந்ததிலிருந்து தங்கத்தையே பார்த்த கண்ணுக்குத் தங்கம்தான் எடுப்பாகத் தோன்றும். நான் சொல்லிக் கொடுப்பது இரண்டு வெள்ளைச் சோதனை. வீட்டில் சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி ஒன்று எடுங்கள். வெளுக்காத காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இலேசாக ஒரு மஞ்சள் இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கன்னத்தோடு வையுங்கள். காடாத் துணியில் முகம் தெளிந்தால் உங்கள் தோலில் பொன் சாயல் இருக்கிறது. கடுகு, தேன், செங்கல், அரக்கு, இலைப்பச்சை பக்கம் போங்கள். நீலம் போட்ட வேட்டியில் தெளிந்தால் ரோஜாச் சாயல். ராணி பிங்க், வாடாமல்லி, நாவல்பழம், கத்திரிப்பூ, எம்.எஸ். புளூ எல்லாம் உங்களுக்கு. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா கட்டிய பட்டுப் புடவையால் பெயர் வந்த நீலம் அது. ஷாலில்கூட அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். இரண்டு வெள்ளையும் ஒன்றுபோல இருந்தால் கவலையே இல்லை, மயில்கழுத்திலிருந்து தொடங்குங்கள். கறுப்பில் பொன் சாயலும் உண்டு, ரோஜாச் சாயலும் உண்டு. சிவப்பிலும் அப்படித்தான். அதனால்தான் அக்காவுக்கு எடுப்பாக இருந்த ஷால், அதே நிறமுள்ள தங்கைக்கு எடுபடாமல் போகும்.

மாநிறக்காரர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். சந்தனக் கலர், பிஸ்கட் கலர், வெளிர் காப்பி எல்லாம் தோலோடு தோலாகக் கலந்துவிடும். கழுத்து எங்கே முடிகிறது, ஷால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பிடித்தால் வாங்குங்கள், ஆனால் அரக்கு பார்டரோ மெரூன் பார்டரோ போட்டதாக எடுங்கள். முகத்துக்குக் கீழே ஒரு கோடு கிடைத்தால் போதும்.

என் பெண் ஃபேஷன் டிசைன் படித்தபோது அவள் பாடத்தில் ஒரு சங்கதி இருந்தது. பாரிஸில் கோப்லான் என்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று அவரிடம் புகார் போனது. நூலைச் சோதித்தார், சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைப் பலவீனமாகக் காட்டின. ஒரு கலர் பக்கத்துக் கலரைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும் என்று 1839இல் புத்தகமே எழுதினார். அதை அவள் படித்துக் காட்டியபோதுதான், நான் தினமும் கவுண்டரில் பார்ப்பதற்குக் காரணம் புரிந்தது. பாட்டில் கிரீன் காட்டன் போட்டால் கன்னம் கொஞ்சம் சிவந்து தெரியும். பச்சைக்கு எதிர் சிவப்பு. ஆனால் அதே பச்சைக் குடும்பத்தில் பளபளவென்று கிளிப்பச்சை சாட்டின் போட்டால் தாடைக்கு அடியில் பச்சை அடிக்கும், முகம் சோர்ந்துவிடும். அடர்ந்த, மினுக்கில்லாத துணி வெளிச்சத்தை அதிகம் திருப்பி அடிக்காது. மினுக்குத் துணி தன் கலரை அப்படியே முகத்தில் வீசும். ஆகவே உங்களுக்கு இரண்டுங்கெட்டான் கலர் ஒன்று மிகவும் பிடித்திருந்தால், அதைக் காட்டனில் எடுங்கள். சாட்டினிலும் டிஷ்யூவிலும் சோதனையில் தேறிய கலரை மட்டும் எடுங்கள்.

சிஃபானில் இன்னொரு சூட்சுமம். அது கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் டாப்ஸ் கலர் வழியே தெரியும். வெள்ளை டாப்ஸ் மேல் ரோஸ், கறுப்பு டாப்ஸ் மேல் நாவல்பழம் என்று ஒரே ஷால் மாறும். அதனால் சிஃபானைத் தனியாக விரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. டாப்ஸ் மேல் போட்டு, ஒற்றை மடிப்பாகவும் இரட்டை மடிப்பாகவும் பாருங்கள்.

தலையை மூடி ஸ்கார்ஃப் கட்டுகிறவர்கள், திருவல்லிக்கேணியிலிருந்தும் மண்ணடியிலிருந்தும் எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள். முடி தெரியாது, துணி முகத்தைச் சுற்றி வட்டமாக நிற்கும். எனவே அவர்களுக்கு கலர் இரண்டு மடங்கு பேசும். நெற்றியோடு சேர்த்து வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

முடி நரைத்தாலும் கணக்கு மாறும். என் அம்மாவுக்கு இப்போது 71 வயது. முன்பு அரக்குதான் அவர் கலர். தலை முழுக்க வெளுத்த பிறகு, குளிருக்கு மேலே போர்த்திக்கொள்ள அரக்கு ஷால் எடுத்துக் கொடுத்தேன், முகம் களைத்த மாதிரி ஆனது. எம்.எஸ். புளூவை வைத்ததும் வெள்ளை முடி அப்படியே மின்னியது. பழைய கலரையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து, ஆறு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி வாசலில் நின்று பாருங்கள்.

இனி பீரோ. முகத்துக்குச் சேருவது மட்டும் போதாது, வீட்டில் இருக்கிற டாப்ஸோடும் சேர வேண்டும். டாப்ஸ் எல்லாவற்றையும் கட்டிலில் போடுங்கள். பிளெயின் ஒரு பக்கம், பிரிண்ட் ஒரு பக்கம். பிரிண்டில் பெரிதாகத் தெரியும் கலரை விட்டுவிடுங்கள். பூவின் நடுவில் ஒரு புள்ளி, இலையில் ஒரு கோடு என்று சின்னதாக ஒளிந்திருக்கும் கலர்தான் ஷாலுக்கு உரியது. கருநீலக் கலம்காரி டாப்ஸ் என்றால் அதே கருநீலத்தைத் தேடி அலைய வேண்டாம். அதில் ஓடும் செங்கல் கோட்டை எடுத்தால் டாப்ஸுக்கே உயிர் வரும். இப்படி ஒவ்வொரு டாப்ஸிலும் தேடிப் பார்த்தால், மூன்று, நான்கு டாப்ஸில் ஒரே கலர் திரும்பத் திரும்ப வரும். முதலில் அந்தக் கலரில் ஒன்று வாங்குங்கள், அது வாசல் சோதனையிலும் தேறினால். தேறாவிட்டால்? ஷாலைத் தோளில் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். முகத்திலிருந்து விலகினால் கலரின் பாதிப்பும் விலகும். கழுத்தைச் சுற்றிப் போடுவதற்கு மட்டும்தான் இந்தக் கண்டிப்பு.

பிளெயின் டாப்ஸ் அதிகம் இருந்தால் ஒரே ஒரு நல்ல கைத்தறி பிரிண்ட் ஷால் பத்து டாப்ஸுக்கு வேலை செய்யும். எனக்குப் பிடித்தது சுங்குடி. அரக்கிலோ கருநீலத்திலோ வெள்ளைப் புள்ளி. அடர் கலரின் ஆழமும் கிடைக்கும், புள்ளிகளால் முகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெளிச்சமும் கிடைக்கும். எழும்பூர் பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸில் ஒரு மத்தியான வேளையில் போய் நிதானமாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெரு நெரிசலில் கலர் பார்க்க வாய்ப்பே இல்லை. அங்கே விலை பார்க்கலாம்.

வியர்வையையும் மறக்காதீர்கள், நம் ஊர் அப்படி. நடுத்தரச் சாம்பல் கலர் காட்டனில் கழுத்தோர ஈரம் வட்டமாகத் தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் பிரிண்டிலும் தெரியாது. ஸ்கூட்டரில் முகத்தை மூடிக்கட்ட தனியாக ஒரு வெளிர் கலர் மல் காட்டன் வைத்துக்கொள்ளுங்கள். அடர் கலர் சூட்டை இழுக்கும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அதற்கு மேட்சிங்கும் வேண்டாம், முகச் சோதனையும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் வெள்ளைக் கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து ஷாலின் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெளிர் டாப்ஸ் மேல் அதைப் போடாதீர்கள், முதல் சில தடவை தனியாகவே அலசுங்கள்.

கடைக்கு வரும்போது டாப்ஸை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். ஃபோனில் படம் எடுத்து வந்து காட்டுகிறார்கள். ஒவ்வொரு ஃபோனிலும் மெரூன் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. தைக்கக் கொடுத்திருந்தால் டெய்லரிடம் வெட்டுத்துணி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு விரல் அகலம் இருந்தால் போதும், மிச்சத்தை வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.